மெமோவுக்குப் பதில்

மேடம்,
நீங்கள் அனுப்பிய தாள் கிடைத்தது.
கோத்தகிரி ஸ்டாண்டில் டீக்கடை பெஞ்சில் வைத்து
இரண்டு தடவை படித்தேன்.
அதில் இருப்பவன் நான்தான்.
மருதவீரன், வண்டி எண் பதினேழு.

எட்டாம் தேதி விடியற்காலை ஐந்து ஐம்பது,
அரவேனு தாண்டி அவசர பிரேக்.
உண்மை.
தேயிலைக்குள்ளிருந்து ஒரு காட்டெருமை எழுந்து வந்து
நடுரோட்டில் நின்று
என் ஹெட்லைட்டை முகர்ந்து பார்த்தது.
டேஷ்போர்டுக்குள் இருக்கும் உங்கள் பெட்டிக்கு மூக்கில்லை.
அதனால் எனக்கு ஒரு மைனஸ் மார்க்.

பதினொன்றாம் தேதி வண்டி நிற்கிறது, எஞ்சின் ஓடுகிறது,
டீசல் வீண் என்கிறீர்கள்.
கட்டபெட்டில் அன்று அப்படியொரு மூட்டம்,
போனட் முனை எனக்கே தெரியவில்லை.
பின்சீட்டில் ஒரு குழந்தை வாந்தி எடுத்து நடுங்கியது.
ஹீட்டரை அணைத்திருக்க வேண்டுமா?
போகட்டும், டீசலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர் கண் மூன்று நொடி மூடியிருந்தது.
ஸ்டியரிங்குக்கு மேலே இருக்கும் அந்தச் சின்னக் கண்
போட்டுக்கொடுத்திருக்கிறது.
வளைவில் ஒரு கோயில் உண்டு மேடம்.
கண்ணைத் திறந்துகொண்டு கும்பிட எனக்கு வராது.
வண்டி அப்போது நின்றிருந்தது.
அதையும் அதே பெட்டி எழுதியிருக்கும்,
தாளில் நீங்கள் விட்டுவிட்டீர்கள்.

இனி செவ்வாய்க்கிழமைகள்.

நான்கு வாரம், குஞ்சப்பனைக்கு மேலே, அதே திருப்பம்.
இருபத்திரண்டு நிமிடம். ஒரு தடவை பத்தொன்பது.
முன்சீட்டில் ஆள் எடை.
முதல் வாரம் பெல்ட் இல்லை, பிறகு உண்டு.

அங்கே சிக்னல் கிடையாது என்று நம்பியிருந்தேன்.
சிக்னல் இல்லாத இடத்தில் பெட்டி
எல்லாவற்றையும் வாய்க்குள் அடக்கிவைத்து
மேட்டுப்பாளையம் வந்ததும் கொட்டிவிடுமாம்.
சர்வீஸ் சென்டர் பையன் சொன்னான்.
ஊர்வாய்கூட ஒரு ராத்திரி பொறுக்கும்.

ஆமாம், ஒருவர் உட்கார்ந்திருந்தார்.
பெல்ட் கழுத்தை அறுக்கிறது என்பார்.
மணி அடித்துக்கொண்டே இருந்ததால்
அவர் முதுகுக்குப் பின்னால் கொடுத்து
நானே மாட்டிவிட்டேன்.
யாரென்று என் வீட்டுக்குத் தெரியும்.
உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.
அந்த நிமிடங்களுக்கும் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்.
பிடித்தபின் அது என்னுடையது.

வேலைக்குச் சேரும்போது
இங்கிலீஷில் ஆறு பக்கம் நீட்டினீர்கள்.
பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம்
கையெழுத்துப் போட்டேன்.
வண்டியைக் கவனிக்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன்.

தாள் வந்த நாளிலிருந்து
காலி வண்டியில் நான் பேசுவதில்லை.
முன்பெல்லாம் பேசுவேன்.
இறக்கத்தில் வழிவிடாத பஸ்ஸோடு,
சீட்டுக்காரனோடு, சில நாள் முருகனோடு.
உள்ளே மைக் இருக்கிறதா என்று கேட்டால்
அந்தப் பையன் சிரிக்கிறான்.

கடைசியாக ஒன்று.
இது பதில் இல்லை, விண்ணப்பம்.

போன வருஷம் ஐப்பசியில்
கேட்காமல் வண்டியை எடுத்ததற்கு
ஐந்நூறு ரூபாய் பிடித்தீர்கள். நினைவிருக்கும்.
அன்று ராத்திரி ஒன்றரை மணிக்கு
குஞ்சப்பனையில் ஒற்றைக் கொம்பன் ஒன்று
ரோட்டை மறித்து நின்றது.
பலாக்காய் சீசன்கூட இல்லை.
ஹாரன் அடிக்காமல், லைட்டை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

எவ்வளவு நேரம் என்பது
எங்களுக்குள் இன்னும் தீரவில்லை.
கமலேஸ்வரி நாற்பது நிமிடம் என்கிறாள்.
எனக்கு ஐந்துக்கு மேல் இருக்காது.

போகும்போது பின்சீட்டில் இரண்டு எடை.
திரும்பும்போது ஒன்று.
அதையும் எழுதித்தான் வைத்திருக்கும்.

அந்த ராத்திரி உங்களிடம் இருக்கிறது மேடம்.
முழுவதும் வேண்டாம்,
வண்டி நின்ற அந்த ஒரு வரியை மட்டும்
தாளில் அடித்து அனுப்புங்கள்.

வீட்டு விலாசத்துக்கு வேண்டாம்.
ஸ்டாண்டுக்கு அனுப்புங்கள்.